டின்னிக்குள் ஒரு சமதளம்

எங்கள் படகின் நீளம் நான்கு மீட்டர். அலுமினியத் தகட்டில் செய்தது. நாங்கள் வாழும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இந்த வகைப் படகை டின்னி என்பார்கள். தகர டப்பா என்று எடுத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. வாங்கும்போது அதற்குள் மூன்று குறுக்கு இருக்கைகள் இருந்தன. தரை என்று எதுவும் இல்லை. அடித்தகடு நடுவில் பள்ளமாக இறங்கி இரண்டு பக்கமும் மேலேறும். அதன் குறுக்கே அரை மீட்டருக்கு ஒன்றாக அலுமினிய விலாக்கள் ஓடும். காலை எங்கே வைத்தாலும் ஒன்று சரிவில் இருக்கும், இல்லையென்றால் விலாவின் மேல் இருக்கும்.

பாட்டனி என்ற பகுதியில் நான் வேலை பார்க்கும் மின்சாதனக் கடையில் கூட இருந்த ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது அதை எனக்கு விற்றுவிட்டுப் போனார். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. தகனினியில் எங்கள் தெருவில் வீட்டு வாசல்தோறும் படகு நிற்பதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை என்று சொல்லலாம். நான் மதுரைக்காரன். கடலோடு எனக்கிருந்த பழக்கம் ராமேஸ்வரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கியதுதான்.

எதிர்வீட்டுக்காரர் மன்னாரைச் சேர்ந்தவர். மீன்பிடிக் குடும்பம். இங்கே வந்து தச்சுவேலை கற்று, வீடு கட்டும் தச்சராகவே இருந்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் நீங்கள் என்றுதான் பேசுவார். டிரெய்லரில் நின்ற படகை அவர் ஒருமுறை சுற்றி வந்தார். விரல் முட்டியால் நான்கைந்து இடங்களில் தட்டிக் கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. எப்ப போறம்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே கவாகவா பே கடற்கரைக்குப் போனோம். நான்கு மணி நேரம் கடலில் இருந்தோம். அவர் நடு இருக்கையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தூண்டிலில் மீன் இழுக்கும்போதெல்லாம் பாதி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஐந்து ஸ்நாப்பர் பிடித்தார். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. திரும்பும்போது நான்தான் அதிகம் பேசிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை கூப்பிட்டபோது சர்ச்சில் வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த முறை முதுகு வலி. மூன்றாவது முறை நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் மனைவி குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். அவரை நான் அக்கா என்பேன். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். சுற்றி வளைத்துப் பேசுவது அவருக்குத் தெரியாது.

"தம்பி, அந்த மனுசன் உங்களுக்குச் சாட்டுச் சொல்லுது. முதுகு வலியும் இல்லை, ஒண்டும் இல்லை. அவருக்கு அந்தப் போட்டுக்குள்ள நிக்கேலாது. காலைத் தெரியும்தானே?"

தெரியும். சில வருடங்களுக்கு முன்னால், கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரைச் சட்டத்திலிருந்து விழுந்தார். வலது கணுக்கால் நொறுங்கியது. மருத்துவர்கள் எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றாக இறுக்கிவிட்டார்கள். வலி போய்விட்டது. கணுக்காலும் மடங்குவதை விட்டுவிட்டது. சமதரையில் அவர் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. சரிவில் இறங்கும்போது மட்டும் பக்கவாட்டில் திரும்பி இறங்குவார். கூரை வேலையை விட்டுவிட்டு இப்போது பட்டறை ஒன்றில் வீட்டுச் சுவர்களுக்கான மரச்சட்டங்களைத் தரையில் வைத்து அடித்துக் கொடுக்கிறார். இவ்வளவும் தெரிந்திருந்தும், படகுக்குள் அந்தக் காலுக்கு ஒரு இடம்கூட இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

"இருந்துகொண்டு மீன் பிடிக்கிறது பிச்சை எடுக்கிற மாதிரியாம். நிண்டு பிடிக்கேலாட்டி வேண்டாமாம்," என்றார் அக்கா. "நானும் சொல்லிப்போட்டன், வேண்டாம் எண்டால் நல்லதாப் போச்சு, மற்றக் காலும் மிஞ்சும் எண்டு."

அன்று மாலை எதிர்வீட்டுக்குப் போய், படகுக்குள் தரை போட்டால் நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"போட்டுக்குத் தரையோ?" என்று சிரித்தார். கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடத்தில் அளவு நாடாவோடும் காதில் செருகிய பென்சிலோடும் எங்கள் கராஜுக்கு வந்தார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கீழே குறுகி மேலே அகலும் படகில் தரையை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு அகலமாகக் கிடைக்கும். ஆனால் உயர்த்த உயர்த்தப் படகின் பக்கச்சுவர் குட்டையாகிக்கொண்டே போகும். நிற்பவரின் முழங்கால் அந்தச் சுவரில் முட்டி நிற்க வேண்டும். சுவர் அதற்குக் கீழே போனால் ஒரு அலைக்கு ஆள் வெளியே போய்விடுவார். அகலம் வேண்டுமா, உயரம் வேண்டுமா என்பதுதான் கேள்வி. அவர் தச்சர்களுக்கே உரிய முறையில் அதைத் தீர்க்கப் பார்த்தார். பலகைத் துண்டுகளை வேறு வேறு உயரத்தில் அடுக்கி, டிரெய்லரில் நின்ற படகுக்குள் ஏறி நின்றுகொண்டு, "ஆட்டுங்கோ" என்றார்.

நான் ஒரு பக்கம் பிடித்து ஆட்டினேன். சத்தம் கேட்டு அக்கா தெருவைத் தாண்டி வந்தார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"உதென்ன, தொட்டில் ஆட்டுற மாதிரி? கடல் இப்பிடியோ ஆட்டும்?" என்று சொல்லிவிட்டு மறுபக்கத்தைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினார். அண்ணன் ஒரு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டார்.

"எடியே, மெல்ல!"

"கடலிட்டயும் இப்பிடித்தான் மெல்ல எண்டு கேப்பியளோ?"

கடைசியில் அகலமே வேண்டும் என்று முடிவு செய்தார். கால்களை நன்றாக அகட்டி வைக்க இடம் வேண்டும் என்றார். பக்கச்சுவர் முழங்காலுக்கு மூன்று விரற்கடை கீழே வந்தது. பழகிவிடும் என்றார்.

அச்சு எடுக்க என் கடையிலிருந்து குளிர்சாதனப் பெட்டிகள் வந்த அட்டைகளைக் கொண்டு வந்தேன். நடு இருக்கையைக் கழற்றினால் படகின் பலம் போய்விடும் என்பதால் தரை இரண்டு பகுதியாக வர வேண்டியிருந்தது. அவர் அவற்றை முன்னறை, பின்னறை என்று அழைத்தார். பிளைவுட் வாங்க மரக்கடைக்குப் போனோம். வெளியே போடவா உள்ளே போடவா என்று கடைக்காரர் கேட்டார். "வெளியே," என்றார் அண்ணன். மருந்தேற்றிய பிளைவுட் வந்தது, லேசான பச்சைச் சாயலோடு. ஈரம் படும் இடத்தில் மருந்தேற்றாத மரத்தைப் போட்டு வீடுகள் உளுத்துப்போன கதைகள் இந்த ஊரில் ஏராளம். இங்கே தச்சு கற்ற ஒருவருக்கு, நனையும் என்றால் பச்சை மரம் என்பது யோசிக்காமலே கை போகும் இடம். பலகையின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எழுத்துகள் எல்லாவற்றையும் நான் படித்தேன். மதுரையில் காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதங்களைப் பார்த்து எழுதிய என் பழைய தொழிலின் பழக்கம் அது. படித்தும் அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

இரண்டு சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது. ஓரங்கள் சரியாகப் பொருந்தும்வரை பலகைகளைப் படகுக்குள்ளேயே வைத்து அறுத்தார், இழைத்தார். மரத்தூளை எடுப்பது என் பொறுப்பு. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் வாக்வம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தேன். பிறகு பலகைகளை, அதே பிளைவுட்டின் துண்டுகளால் உயர்த்தி, விலாக்களின் மேல் வைத்து அவர் திருகாணியால் இறுக்கினார். அசைத்துப் பார்த்தேன். வீட்டுத் தரையைப் போல இருந்தது.

அந்தத் தரையில் மூன்று முறை கடலுக்குப் போனோம். முதல் முறை அவர் எழுந்து நின்று இருபது நிமிடங்களுக்குத் தூண்டிலைக்கூடப் போடவில்லை. சும்மா நின்றார். பிறகு போட்டார், ஒரு கஹவாய் மீன் துள்ளிக்கொண்டு வந்தது, நின்றபடியே வலைக்குள் எடுத்தார். வீடு திரும்பியதும் அக்கா அவரை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"விழுந்தவரோ?"

"இல்லக்கா."

"உண்மையாவோ? ரெண்டு பேரும் சேர்ந்து கதை கட்டேல்லைத்தானே?"

பிறகு குளிர்காலம் வந்தது. மழையும் காற்றுமாக வார இறுதிகள் போயின. படகு எங்கள் கராஜில் கிடந்தது. வசந்தத்தில் முதல் நாள் அதைத் தண்ணீரில் இறக்கிக் கால்மணி நேரம்கூடப் போகவில்லை. பின்னறைத் தரையின் விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அலை தெறித்தது என்றேன் நான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "திருப்புங்கோ," என்றார்.

வீட்டுக்கு வந்து திருகாணிகளைக் கழற்றினோம். சில சுற்றவே மறுத்தன. பலகை வந்ததும் அடியில் விலாக்கள் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. தொட்டால் ஒட்டியது.

"விபூதி மாதிரி இருக்குண்ணே," என்றேன்.

"அப்ப உங்கட சாமி எங்கட போட்டுக்குள்ளயும் இறங்கிட்டார்," என்றவர் பொடியை விரலால் துடைத்தார். துடைத்த இடத்தில் அலுமினியம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. சிரிப்பு அவர் முகத்தில் நின்றபடியே நின்றுபோனது. பலகையைத் திருப்பி அதன் பச்சையைப் பார்த்தார். மறுபடி விலாவைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"செம்பு," என்றார்.

மரத்துக்கு ஏற்றும் மருந்தில் செம்பு இருக்கிறது. அது அலுமினியத்தைத் தொட்டபடி உப்புத் தண்ணீரில் நனைந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். இது எனக்கு அப்போதுதான் தெரியும். அவருக்கு எப்போதோ தெரியும். இந்த ஊரில் அலுமினியச் சன்னல் வைக்கும் தச்சர் யாராக இருந்தாலும், சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பட்டை ஒட்டாமல் வைக்க மாட்டார்.

"எத்தனை வீட்டில ஒட்டின கை தம்பி இது. எத்தனை சன்னல். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவன். போட் எண்டதும் எல்லாம் மறந்து போச்சு." பலகையைச் சுவரில் சாத்திவிட்டு, "பழைய தகரத்துக்குப் போட்டிடுங்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அளவு நாடாவை எடுத்துப் போகவில்லை.

மூன்று வாரம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கையை உயர்த்துவார், காரில் ஏறிவிடுவார். அக்காதான் வந்தார்.

"பட்டறையில ஒவ்வொரு சட்டத்தையும் மூண்டு தரம் அளக்கிறாராம். கூட வேலை செய்யிற ஒருத்தர் போன் எடுத்துச் சொன்னவர். விழுந்த நேரத்திலயும் இப்பிடி இருக்கேல்லைத் தம்பி. அது கால். இது..." என்று நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். "போட் வேண்டாம் எண்டு சொன்னது நான்தான். இப்ப நான்தான் சொல்லுறன், அதை ஏதாவது செய்யுங்கோ."

எனக்குத் தச்சும் தெரியாது, உலோகமும் தெரியாது. தெரிந்தது எதுவோ அதைச் செய்தேன்: எங்கே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்து எழுதினேன். படகைக் கழுவிக் காய வைத்து, உள்ளே விளக்கை வைத்து, கராஜின் கதவை இறக்கிவிட்டு, டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஐந்து இடங்களில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டேன். பிறகு எழுந்து உள்ளே பார்த்தேன். விலாக்களில் குழிகள் இருந்தன, ஆனால் எதுவும் ஓட்டையாகவில்லை. ஐந்து ஓட்டைகளும் அடித்தகட்டில், நடுப்பள்ளத்தில் இருந்தன. பலகை அங்கே தொடவே இல்லை. கழுவும்போது அங்கிருந்து வந்தது மரத்தூள். பச்சை மரத்தின் தூள், ஈரமாகி, களியாகி, குளிர்காலம் முழுக்க அந்தப் பள்ளத்தில் ஊறிக் கிடந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டிய ஆள் நான்.

ஒரு அட்டையில் படகின் அடியை வரைந்து, குழிகளை ஒரு நிறத்திலும் ஓட்டைகளை இன்னொரு நிறத்திலும் குறித்து, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் சமையலறை மேசையில் அதை விரித்துப் பார்த்தார். எதுவும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"அப்ப பலகை போட்டு விலாவைக் கெடுத்தது நான். தூளைப் போட்டு அடியை ஓட்டையாக்கினது நீங்கள்."

"ஆமாண்ணே."

"தூள் எடுத்தீங்களோ எண்டு நான் கேட்டனான்தானே?"

"கேட்டீங்க. எடுத்துட்டேன்னு சொன்னேன்."

"நாசமாப் போவார்," என்றார். திட்டும்போது அவர் குரல் பழையபடி இருந்தது. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் அட்டையைத் தன் பக்கமாகத் திருப்பி, பென்சில் கேட்டார்.

பாப்பக்குராவில் அலுமினியம் பற்றவைக்கும் பட்டறை வைத்திருக்கும் சமோவாக்காரர் ஒருவர் ஐந்து ஓட்டைகளையும் அரை நாளில் அடைத்துக் கொடுத்தார். விலாக்களைத் தேய்த்துப் பார்த்து, இன்னும் பல வருடம் தாங்கும் என்றார். தூளின் கதையைக் கேட்டு, இதுபோல மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள் என்றும், பெரும்பாலும் வீடு கட்டுகிறவர்கள்தான் என்றும் சொன்னார். அதைக் கேட்டு அண்ணனின் தோள்கள் ஒரு அங்குலமாவது இறங்கியிருக்கும்.

இரண்டாவது தரைக்கு மருந்தேற்றாத படகு பிளைவுட் வாங்கினோம். இரண்டு முகத்திலும், எல்லா ஓரங்களிலும், திருகாணித் துளைகளின் உள்ளேயும் நீர் புகாத எபாக்சிப் பிசினை மூன்று பூச்சு பூசினோம். விலாவுக்கும் பலகைக்கும் இடையில் வைக்கப் பிளாஸ்டிக் பட்டை வேண்டியிருந்தது. காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகைகளை நீளவாக்கில் அறுத்து வைத்தார். முதல் இரண்டை வாங்கினோம். அவை போதாமல் போனபோது அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒன்று வந்தது.

"வெங்காயம் இனி உங்கட காலிலயோ வெட்டுறது?" என்று அக்கா கேட்டார்.

இந்த முறை தரையை நிலையாக இறுக்கவில்லை. ஒவ்வொரு அறையின் பலகையும் திருப்புக் கொண்டியில் நின்றது. கழற்றி அடியைக் குழாய்த் தண்ணீரால் கழுவ இரண்டு நிமிடம் போதும். இன்னொரு மாற்றத்தையும் அவரே செய்தார். தரையை மூன்று விரற்கடை இறக்கிவிட்டார். அகலம் குறைந்தது. பக்கச்சுவர் சரியாக முழங்காலுக்கு வந்தது.

"போன முறை அகலமா நிக்கத்தான் பயந்து பயந்து அளந்தனான். விழாமல் நிக்கிறதுக்கு அகலம் தேவையில்லை. முட்டுக் குடுக்க ஒரு இடம் இருந்தால் காணும்," என்றார். பலகைகளை ஒரு முறைதான் அளந்தார். நான் கவனித்தேன்.

வெட்டிய தூள் முழுவதும் இந்த முறை தெருவோரப் புல்லில் விழுந்தது. வெட்டும் வேலையைப் படகுக்கு அருகில்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை கவாகவா பேயில் படகை இறக்கினோம். அக்காவும் வந்தார். அவருக்கு அது முதல் முறை. லைஃப் ஜாக்கெட்டின் வாரை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின் இருக்கையில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் அவர் கடலைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கணவரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ஒருவர் முதல் அடி எடுத்து வைக்கும்போது நர்ஸ்கள் பார்ப்பார்களே, அப்படி. அண்ணன் பின்னறையில் நின்றார். தூண்டில் போட்டார். இழுத்தார். ஒன்று சின்னது, திருப்பி விட்டார். அடுத்தது வளர்ந்தது. அக்கா ஒரு டப்பாவைத் திறந்து மசாலா ஊறிய முட்டைகளையும் ரொட்டியையும் எடுத்து வைத்தார். தானும் சாப்பிட்டார்.

கிளம்பும் நேரத்தில் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டது. நான் எழப்போனேன்.

"நீங்கள் இஞ்சினைப் பாருங்கோ," என்றார் அண்ணன். தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, நடு இருக்கையைத் தாண்டி, முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் முன்னறையில் வைத்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கையை மாற்றிப் பிடித்தார். அந்த நேரத்தில் எங்களைக் கடந்து போன பெரிய படகு ஒன்றின் அலை வந்து மோதியது. டின்னி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் முழங்கால் பக்கச்சுவரில் போய் முட்டி நின்றது. அலை அடியில் போய்விட்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்று, சாய்ந்த வேகத்தையே சேர்த்து ஒரு இழு இழுத்தார். நங்கூரம் கடற்பாசிக் கொத்தோடு மேலே வந்தது.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். ஈரக் கயிறு முன்னறைத் தரை முழுவதும் சுருள் சுருளாகக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ," என்றார் கணவரைப் பார்த்து. "அந்தக் கயித்தை ஒழுங்காச் சுத்தி வையுங்கோ. ஆக்கள் தடுக்கி விழப்போகினம்."